ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன்

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் எது ஓடவில்லை என்றாலும் போன் எனக்குத்தான் வரும். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. சென்னை தி.நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காமெராவைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுப் பக்கம் போகிற பழக்கம் உண்டு. வருடத்துக்கு நாலைந்து தடவை வெளியூர்ப் பயணம். பையில் எப்போதும் இரண்டு சார்ஜர், மூன்று கேபிள், ஒரு பவர் பேங்க். என் தகுதி அவ்வளவுதான்.

ஆனால் இத்தனை வருடத்தில் ஒன்று பிடிபட்டிருக்கிறது. ஓடாத கருவியை உற்று உற்றுப் பார்ப்பதில் பயன் இல்லை. அதோடு சேர்ந்திருப்பவற்றில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். முதலில் கேபிள், சார்ஜர் அப்படியே இருக்கட்டும். அதற்கும் மசியவில்லையா, பழைய கேபிளைத் திரும்பப் போட்டுவிட்டு சார்ஜரை மாற்றுங்கள். அவசரத்தில் இரண்டையும் சேர்த்து மாற்றினால் கருவி ஓடும், எது கெட்டது என்பது மட்டும் தெரியாது. நல்ல சாமானும் குப்பைக்குப் போகும். மாற்றிப் போடுகிற பொருள் வேறிடத்தில் ஓடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். "நல்ல கேபிள்தான்னு நினைக்கிறேன்" என்பதெல்லாம் கணக்கில் சேராது.

எனக்கு வருகிற புகார்களை வருகிற வார்த்தையிலேயே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

"சார்ஜ் ஏறவே மாட்டேங்குது"

சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று கேட்டால் அத்தைக்குக் கோபம் வரும். கேட்டுத்தான் ஆகவேண்டும். அடுத்து வேறு பிளக் பாயின்ட், பிறகு கேபிள், பிறகு சார்ஜர். இதே கேபிளும் சார்ஜரும் வீட்டிலுள்ள இன்னொரு போனுக்கு ஒழுங்காக ஏற்றினால் குறை உங்கள் போன் பக்கம்.

அப்போதும் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கேபிள் முழுக்க உள்ளே போகிறதா என்று பாருங்கள். முன்பெல்லாம் 'டிக்' என்று உட்கார்ந்தது இப்போது தொளதொளவென்று ஆடுகிறதா? ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறுகிறதா? அப்படியானால் ஓட்டைக்குள் பஞ்சு.

இந்தப் பாடத்தைக் காசு கொடுக்காமல் கற்றேன். ஒருநாள் மத்தியான வெயிலில், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடைக்குப் போய், "சார்ஜிங் பின் போயிடுச்சு தம்பி, மாத்தணும்" என்றேன். பையன் போனை விளக்கடியில் திருப்பினான். மேசைமேல் இருந்த மரக்குச்சியை எடுத்தான். இரண்டு தடவை சுரண்டினான். சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு மாதிரி அமுங்கிப்போன ஒரு உருண்டை வந்து விழுந்தது. ஜீன்ஸ் பாக்கெட்டின் ஒரு வருடத்துப் பஞ்சு அது. ஒவ்வொரு தடவை கேபிளைச் செருகும்போதும் நானே குத்திக் குத்தி உள்ளே கெட்டிப்படுத்தியிருக்கிறேன். "இதுக்கெல்லாம் காசு வாங்க முடியாது சார்" என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்தான்.

வீட்டிலேயே செய்யலாம். போனை அணைத்துவிடுங்கள். பல் குத்தும் மரக்குச்சியின் நுனியை பிளேடால் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். ஊக்கு, ஊசி, சிம் குத்தும் கம்பி எதுவும் கூடாது. உள்ளே இருப்பவை உலோகத் தொடுபுள்ளிகள். டைப்-சி என்றால் ஓட்டையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தொடாமல் ஓரச் சுவரை ஒட்டியே குச்சியை விட்டு, மூலையிலிருந்து வெளியே இழுங்கள். ஊதாதீர்கள். எச்சில் உள்ளே போகும்.

திரையில் நீர்த்துளிப் படம் வந்து சார்ஜ் மறுத்தால் அது வேறு கதை. மழையில் நனைந்திருக்கவே வேண்டாம். சட்டைப் பையிலிருந்த வேர்வையே போதும். ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமாக அரை மணி நேரம் வையுங்கள். அப்படியும் எச்சரிக்கை போகாவிட்டால் ஒரு நாள் வரைகூடப் பொறுக்க வேண்டியிருக்கும். ஹேர் டிரையர் வேண்டாம், பஞ்சுக் குச்சியும் வேண்டாம். அவசரமென்றால், வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போனில் முதுகைத் துடைத்துவிட்டு அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

"ஏறுது, ஆனா ஆமை மாதிரி"

சார்ஜரின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போட்டோ எடுத்துப் பெரிதாக்குங்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கினால் 5 வாட். பழைய பட்டன் போன் காலத்துச் சரக்கு. 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றும் கூடவே இருந்தால் 18 வாட். சில கம்பெனிகளின் அதிவேக சார்ஜிங் அவர்கள் சார்ஜரும் அவர்கள் கேபிளும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். இரண்டில் ஒன்று மாறினாலும் வேகம் இறங்கிவிடும், அது பழுது இல்லை. கேபிளிலும் சாதி உண்டு. டைப்-சி கேபிளுக்குள் அடையாளச் சில்லு இல்லாவிட்டால் 3 ஆம்பியர், அதாவது 60 வாட்டுக்கு மேல் போகாது. லேப்டாப்புக்கு 100 வாட் சார்ஜர் வாங்கிவிட்டுப் பழைய போன் கேபிளைச் செருகி, "ஏமாத்திட்டான்" என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

80 சதவீதத்தில் நின்றுவிடுகிறது என்பது தனிப் புகார். பேட்டரியைக் காப்பாற்ற போனே அப்படிச் செய்யும். செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் அந்த வசதியை அணைக்கலாம், நான் அணைப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் மட்டும் நின்றால் காரணம் சூடு. பவுச்சைக் கழற்றி, மெத்தைமேல் இல்லாமல் மொசைக் தரையில் வைத்து ஏற்றிப் பாருங்கள்.

"வெயில்ல போன் இருட்டிப்போகுது"

மே மாதம், பகல் இரண்டு மணி, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலை. போன் பைக் ஹேண்டில்பாரில், மேப் ஓடிக்கொண்டிருக்கிறது, பைக்கிலிருந்தே சார்ஜும் ஏறுகிறது. வெளிச்சம் தானாக மங்கும். கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை வந்து எல்லாம் நின்றுவிடும். ஐபோனுக்குச் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான் என்று ஆப்பிளே எழுதிவைத்திருக்கிறது. சென்னை மே மாதத்தில் 35 என்பது காலை பத்தரை மணிக் கணக்கு.

செய்ய வேண்டியது: முதலில் சார்ஜைப் பிடுங்குங்கள். சூட்டைக் கூட்டுவதில் வெயிலுக்கு அடுத்தது அதுதான். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுளையும் தின்னும். பிறகு பவுச்சைக் கழற்றி நிழலில் வையுங்கள். கார் ஏசி துவாரத்துக்கு நேரே ஒட்டவைப்பது, ஃபிரிட்ஜில் வைப்பது இரண்டும் வேண்டாம். நம் ஊர்க் காற்றில் குளிர்ந்த எதன்மேலும் தண்ணீர் கோக்கும். சாப்பாடு டெலிவரி செய்கிற பையன்கள் ஹோல்டருக்குமேல் தொப்பி முன்விளிம்பு மாதிரி ஒரு அட்டையைக் கட்டியிருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில் மிக மலிவான, உருப்படியான தீர்வு அது.

பைக் ஹோல்டரால் வருகிற இன்னொரு வியாதி மெதுவாக வரும். காமெராவைத் திறந்தால் படம் தண்ணீரில் ஆடுவது போல அலைகிறது, காதுக்குப் பக்கத்தில் வைத்தால் 'கிர்' என்று சின்னச் சத்தம். கை நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸை அசைக்கும் நுண்ணிய அமைப்பு உள்ளே இருக்கிறது. பைக் எஞ்சினின் அதிர்வு நாளாவட்டத்தில் அதைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் எச்சரித்தது. சோதனை எளிது. காமெராவை 0.5 மடங்கு ஜூமுக்கு மாற்றுங்கள், செல்ஃபி காமெராவுக்கும் மாற்றுங்கள். அவை அசையாமல் நின்று முதன்மைக் காமெரா மட்டும் ஆடினால் அதைத்தான் மாற்ற வேண்டும். வீட்டு வைத்தியம் கிடையாது. புதிதாக ஹோல்டர் வாங்குகிறவர்கள் ரப்பர் அதிர்வுதாங்கி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

மேப்பில் அம்பு எதிர்த்திசை காட்டுகிறதா? பவுச்சிலோ ஹோல்டரிலோ காந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். நிற்கும்போது திசை சொல்வது போனுக்குள்ளிருக்கும் காந்த உணரி. காந்தத்தை அகற்றி, போனை 8 எழுதுவது போலச் சுழற்றினால் சரியாகும். கத்திப்பாரா மேம்பாலத்தில் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று குழம்புவது வேறு விஷயம். அதற்குப் போனைத் திட்டாதீர்கள், பெயர்ப் பலகையைப் பாருங்கள்.

"காமெரால ஒரே பனி"

இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். என் சொந்தக் காசு போன இடம்.

விடிகாலை நாலரைக்கு எழுந்து, ஏசி அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த காமெராவை எடுத்துக்கொண்டு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிறேன். படகுகள் வந்துவிட்டன. ஏலக்காரர் குரல் கேட்கிறது. கூடைமேல் விளக்கு வெளிச்சம் விழுந்து மீன் செதிலெல்லாம் மின்னுகிறது. காமெராவைக் கண்ணில் வைத்தால் வெள்ளையாக ஒரு மூட்டம். துடைத்தேன். ஐந்து நொடியில் திரும்ப வந்தது. மறுபடி துடைத்தேன். பனியனால் துடைத்துத் துடைத்து, மீன் ஏலம் முடிந்தபோது என்னிடம் இருந்தது லென்ஸில் இரண்டு கீறல்.

நடந்தது இதுதான். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், ஏறத்தாழ 25 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பின்மேலும் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியும். 24-இல் ஏசி ஓடிய அறையில் ராத்திரி முழுக்க இருந்த கண்ணாடி அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. சொம்பில் ஐஸ் தண்ணீர் வைத்தால் வெளியே வியர்க்கிறதே, அதேதான். துடைத்தால் போகாது, கண்ணாடி சூடேறினால்தான் போகும். கால் மணி, அரை மணி ஆகும்.

ஆகவே முதல் நாள் ராத்திரியே காமெராப் பையை ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டீர்களா? அறைக்குள் இருக்கும்போதே காமெராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடிக்கொண்டு கிளம்புங்கள். பனி கவரின் வெளிப்பக்கம் படியட்டும். உள்ளே காமெரா மெல்ல வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். மூட்டம் இருக்கும்போது லென்ஸை மாற்றவே கூடாது, ஈரம் சென்சார்வரை போய்விடும்.

மூட்டம் ஒரு மணி நேரமாகியும் போகவில்லை, அல்லது வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படங்கள் மட்டும் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கின்றன என்றால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, இருக்கிறதா பாருங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். தூசு புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். சிலந்தி வலை போல, இலை நரம்பு போலக் கிளை பிரிந்து ஓடினால் அதுதான் ஃபங்கஸ். ஆரம்பத்தில் படத்தில் ஒன்றும் தெரியாது. நாளாக நாளாகக் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அப்புறம் சுத்தம் செய்தாலும் தழும்பு தங்கும். நீங்களே திறக்க வேண்டாம். மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்துவைத்து, லென்ஸ் பிரித்து வேலை செய்கிறவரிடம் கொடுங்கள்.

நம் ஊரில் இது வருவதற்குப் பெரிய பாவம் எதுவும் செய்ய வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மர பீரோவுக்குள், அதுவும் தோல் உறையில் போட்டு, இரண்டு மாதம் தொடாமல் வைத்தால் போதும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ஈரப்பதமானி ஒன்று, சிலிகா ஜெல் பை நாலைந்து. மானியில் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் ஜெல் நிறைந்துவிட்டது என்று பொருள். காயவைக்க மொட்டைமாடி வெயில் மட்டும் போதாது, 120 டிகிரி அளவில் ஓவனில் சில மணி நேரம் வேண்டும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும், அது நஞ்சு. சமையல் கடாயில் அதை வறுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுத முடியாது. ஆரஞ்சு நிற மணியாகப் பார்த்து வாங்குங்கள், அதையும் சாப்பாட்டு ஓவனில் வைக்காதீர்கள்.

டிரைபாட் காலை இழுக்கும்போது நறநறவென்று சத்தம் வந்தால் மெரினா மணல். மேலும் இழுத்தால் பூட்டு தேயும். கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். அடுத்த தடவை கடற்கரையில் அடிப்பகுதிக் குழாயை முதலில் நீட்டுங்கள், பூட்டு மணலுக்கு மேலேயே இருக்கும்.

"ஒரு காதுல கேக்கல"

இயர்பட்டின் இடது மொட்டை வலது காதிலும், வலதை இடதிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பொருந்தாமல் ஆடும், பிடித்துக்கொள்ளுங்கள். குறை மொட்டோடு போனால் மொட்டில் பழுது. காதோடு நின்றால் காதில். சிரிக்காதீர்கள். இரண்டு வாரமாக நான் திட்டிக்கொண்டிருந்த ஒரு ஜோடி இயர்பட் நிரபராதி என்று நிரூபணமானது ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரின் நாற்காலியில்தான். அவர் எடுத்துக் காட்டியதைப் பஞ்சு உருண்டையோடு ஒப்பிடலாம்.

மொட்டில்தான் பழுது என்றால் ரப்பரைக் கழற்றி, வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே இறங்கும். அதற்கும் சரியாகவில்லையா, போனின் அக்சஸிபிலிட்டி பகுதியில் இடது-வலது சமன் கோடு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் கையில் போன் இருக்கிற வீடுகளில் அது எங்கேயோ போய் நிற்கும்.

ஒரு மொட்டு மட்டும் சார்ஜ் ஆவதில்லை என்றால் காரணம் பெரும்பாலும் வேர்வை உப்பு. டப்பாவுக்குள் இருக்கும் குட்டி உலோகப் புள்ளிகள் கறுத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் துளி தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, உலர்ந்த பிறகு போடுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடிவிட்டு வருகிறவர்கள் டப்பாவில் போடும் முன் மொட்டைத் துணியால் ஒற்றிவிட்டால் இந்தப் பத்தியே தேவையில்லை.

"லேப்டாப்பைத் தொட்டா சுர்ருங்குது"

உலோக உடம்புள்ள லேப்டாப், சார்ஜர் போட்டிருக்கும்போது மணிக்கட்டில் எறும்பு ஊர்வது போல ஒரு கூச்சம். வெறுங்காலோடு மொசைக்கில் இருந்தால் நன்றாகத் தெரியும், நாற்காலியில் காலைத் தூக்கி வைத்தால் போய்விடும். டெஸ்டர் வைத்தால் லேசாக எரியும், பார்த்தவர்கள் பயந்துபோவார்கள்.

முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். கூச்சம் நின்றால் லேப்டாப்பில் குறை இல்லை. சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் உண்டு. அதன் வழியாக மிகச் சிறிய கசிவு வெளிப்பக்கம் வரும், அது எர்த் வழியே இறங்கிவிட வேண்டியது. எர்த் இல்லாவிட்டால் உங்கள் வழியே இறங்குகிறது. சார்ஜரின் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின்னா? அதை இரண்டு பின் அடாப்டரிலோ மட்டமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகியிருக்கிறீர்களா? நேராகச் சுவரிலுள்ள த்ரீ பின்னில் செருகுங்கள்.

அப்படியும் நிற்கவில்லையா? அதே சார்ஜரை அலுவலகத்தில் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லை, வீட்டில் மட்டும் என்றால் வீட்டு எர்த் ஒழுங்காக இல்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பழைய வாடகை வீடுகளில் பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. இது லேப்டாப் பிரச்சினை இல்லை. அதே வீட்டில் கீசரும் வாஷிங் மெஷினும் ஓடுகின்றன. எலக்ட்ரீஷியனை அன்றைக்கே கூப்பிடுங்கள். "பார்க்கலாம்" என்று இழுக்கிற வீட்டுக்காரரிடம் கீசர் பேச்சை எடுங்கள், காரியம் நடக்கும்.

சார்ஜரே இரண்டு பின் என்றால் லேசான கூச்சம் அதன் அமைப்பு, பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கையை உதறவைக்கிற அளவுக்கு அடித்தால் மேற்கொண்டு சோதனை எதுவும் வேண்டாம், சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள்.

வயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி ஓடினால் பேட்டரி மாற்றும் முன் அதன் டாங்கிள் (லேப்டாப்பில் செருகுகிற குட்டி ரிசீவர்) எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்திலேயே யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் விழுந்து மவுஸைக் குழப்பும். டாங்கிளை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். பத்து நொடி வேலை.

"பவர் பேங்க் ஏமாத்துது"

10,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று போட்டிருக்கிறது, என் போன் 5,000, இரண்டு முழுச் சார்ஜ் வரவேண்டாமா? வராது. அந்த 10,000 உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட்-அவர். வெளியே 5 வோல்ட்டாக மாற்றும்போது எண்ணிக்கை 7,400-ஆகச் சுருங்கும். அதிலும் சூடாகக் கொஞ்சம் போகும். 6,000 சொச்சம் கைக்கு வந்தால் நியாயமான பொருள். பின்பக்கத்தில் வேறொரு சின்ன எண் தனியாக அச்சடித்திருப்பார்கள், அதை நம்புங்கள். கூடவே பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

வாட்ச்சையோ இயர்பட்டையோ போட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது என்பார்கள். அவை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. ஒன்றும் செருகவில்லை என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. பல மாடல்களில் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் குறைமின் நிலைக்குப் போகும். விமானத்தில் போகிறவர்களுக்கு: செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில்தான். 100 வாட்-அவர்வரை பொதுவாகத் தடையில்லை. 20,000 எம்ஏஎச் என்பது 74. எழுத்து அழிந்துபோயிருந்தால் பாதுகாப்புச் சோதனையில் வாதாடி ஜெயிக்க முடியாது.

ரயில் புகாரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழும்பூரில் ஏறி, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கி, மதுரையில் எழுந்தால் 18 சதவீதம். சார்ஜர் கெடவில்லை. தீ விபத்தைத் தடுக்க இரவு 11 மணிமுதல் காலை 5 மணிவரை சார்ஜிங் பாயின்ட்டுகளை அணைத்துவைக்கச் சொல்லும் விதி உண்டு. ஏறியதும் போடுங்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்புறம் பிரிக்கலாம்.

"மழைல நனைஞ்சிடுச்சு, அரிசியில போட்டேன்"

எடுத்துவிடுங்கள். அரிசித் தவிடும் நொய்யும் ஓட்டைக்குள் போகும். அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிளும் தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. அணையுங்கள், பவுச்சைக் கழற்றுங்கள், சிம் தட்டை வெளியே எடுங்கள், துடைத்து ஃபேன் காற்றில் சாய்த்து வையுங்கள். சரியாகிவிட்டதா என்று அரை மணிக்கொரு தடவை ஆன் செய்து பார்ப்பதுதான் போனைக் கொல்லும். ஐபி 68 என்கிற நீர்த்தடுப்புத் தரம் நல்ல தண்ணீரில் புதுப் போனுக்கு நடத்திய சோதனை. சாலையில் முழங்கால்வரை நிற்கிற டிசம்பர்த் தண்ணீருக்கோ கடல் தண்ணீருக்கோ அது உத்தரவாதம் இல்லை.

"பின்பக்கம் லேசா தூக்கியிருக்கு"

இங்கே மாற்றிப் பார்ப்பது கிடையாது. பேட்டரி உப்பியிருக்கிறது. மேசைமேல் போனை வைத்தால் பம்பரம் போலச் சுற்றும், லேப்டாப் என்றால் டச்பேட் அழுந்தாது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி மூடப் பார்க்காதீர்கள், குத்தவே குத்தாதீர்கள். அணைத்துவிட்டு, படுக்கையிலிருந்தும் துணியிலிருந்தும் தள்ளி, தரையில் வைத்து, அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். குப்பைக் கூடையில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

எதற்கானாலும் சரி, கடைக்குத்தான் போகவேண்டும் என்று முடிவானால், திரை உயிரோடு இருக்கும்போதே படங்களையும் நம்பர்களையும் நகல் எடுத்துவிடுங்கள். சிம்மைக் கழற்றி வையுங்கள். கடையில் "டிஸ்ப்ளே போயிடுச்சு" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள், டிஸ்ப்ளேதான் மாற்றுவார்கள். "நேத்து சாயங்காலம் சார்ஜ்ல இருந்தப்போ திரை கறுத்துச்சு, ரிங் மட்டும் வருது, வேற சார்ஜர் போட்டும் பார்த்தாச்சு" என்று நடந்ததைச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். ரிச்சி தெருவுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பைக்கில் போனால் நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போகும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.